பானை நிறையும் வரை

பானை நிறைய நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கணும், தட்டக் கூடாது, திருகக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரே சட்டம் இதுதான், ஏனென்றால் இந்த அனல் மின் நிலையத்தில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதை யாரும் ஏன் என்று கேட்க முடியாத நேரம் இது ஒன்றுதான். மணி காலை பத்து இருபது. தரையிலிருந்து ஐம்பத்திரண்டு மீட்டர் உயரத்தில், கம்பிவலைத் தளத்தில், ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். காலுக்கடியில் வலை வழியாகப் பார்த்தால் தளம் தளமாக இறங்கிப் போய்க் கடைசியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் மிளகளவுக்கு நகர்கிறது. யாராக இருக்கும், ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறான், செருப்பு கடிக்கிறதோ, வீட்டில் சண்டையோ. எதைப் பார்த்தாலும் எனக்கு இப்படித்தான். "ஒன் மூளைக்குள்ள ஒரு கோழி கெடக்குட்டி, எந்நேரமும் எதையாவது கிளறிக்கிட்டே இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர் ரீகன். கிளறட்டும், அதற்கென்ன. அப்பா எனக்கு வியாகுலமேரி என்று பேர் வைத்தார். வியாகுலப்படுவதைவிட வேடிக்கை பார்ப்பதுதான் எனக்கு அதிகம் வருகிறது. முதுகுக்குப் பின்னால் பஸ் நீளத்துக்கு பாய்லர் டிரம் படுத்துக் கிடக்கிறது, மேலே தடிமனாக இன்சுலேஷன் சுற்றி, அதற்கு மேல் தகரம் அடித்து. உள்ளே தண்ணீர் கொதிக்கிறது. பதினொரு வருஷமாக அந்தத் தண்ணீரை அளக்கிறேன், ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. எப்படிக் கொதிக்கும், சோற்றுப் பானையில் கொதிக்கிற மாதிரி குமிழ் குமிழாகவா, இல்லை பாயாசம் மாதிரி சோம்பலாகவா? தனபால் சாரிடம் ஒருதரம் கேட்டேன். அவர் இன்ஜினியர், ஈரோட்டுப் பக்கத்துக்காரர். "அது தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார். ஒன்றும் பண்ணப் போவதில்லைதான்.

எட்டிப் பார்க்க முடியாது என்பதால்தான் பானை. டிரம்மின் மேல்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து ஒரு சின்ன இரும்புக் கலயத்தில் முடிகிறது; ஆவி அதில் வந்து ஆறித் தண்ணீராகி விளிம்பு வரை நிறைந்து நிற்கும். பானைத் தண்ணீர் எப்போதும் ஒரே மட்டம், டிரம் தண்ணீர் ஏறி இறங்கும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துப் பானைக்குக் கீழே இருக்கிற மீட்டர் டிரம்முக்குள் மட்டம் இவ்வளவு என்று சொல்லும். ஆனால் பானை எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மீட்டருக்கு நாம்தான் சொல்லித் தரணும். பாய்லரை நிறுத்தி வைக்கிற ஷட்டவுன் சமயத்தில் டேப்பால் அளந்து அந்த ஒரு எண்ணை உள்ளே போடுவோம். அந்த எண் தப்பானால் மீட்டர் ஆயுசுக்கும் தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கும், அதுவும் ரொம்ப நம்பிக்கையாகச் சொல்லும். இந்த டிரம்முக்கு மூன்று பானை, மூன்று மீட்டர். பத்து நாளுக்கு முன்னால் ஷட்டவுன் முடிந்து பாய்லர் ஏற்றியதிலிருந்து இரண்டு மீட்டர் சுழியம் காட்டுகின்றன, அதாவது தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மூன்றாவது மட்டும் தொண்ணூறு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கிறது என்கிறது. அந்த இரண்டும் நான் அளந்து வைத்தவை. மூன்றாவது, என்கூட வேலை செய்கிற சுடலைமுத்து அண்ணன் வைத்தது. காலையில் தனபால் சார் கூப்பிட்டு, "இங்க பாருங்க வியாகுலம், மூணுல ரெண்டு ஒண்ணு சொல்லுது, ஒண்ணு மட்டும் வேற சொல்லுது. இதுல யோசிக்க என்ன இருக்குது? நாளைக்கு ஆய்வுக்கு வராங்க. இந்த அலாரம் மினுக்கிட்டே இருந்தா நான் என்னங்க பதில் சொல்றது? போய் அந்த மூணாவதுல எண்ணை மாத்தி மத்த ரெண்டோட சேர்த்துட்டு வந்திருங்க" என்றார். பானை உயரம் எண்பது சென்டிமீட்டர் என்று இருப்பதை எழுபத்தைந்து என்று ஆக்கணும், அவ்வளவுதான், கையடக்கக் கருவியில் நாலு பொத்தான். இரண்டு நிமிஷ வேலை.

அந்த ஐந்து சென்டிமீட்டருக்கு அவரிடம் ஒரு விளக்கமும் இருந்தது. எங்கள் பிரிவில் ஒரு பழைய டேப் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு இரும்புக் கதவு அதன் நுனியை நறுக்கிவிட்டது, கொக்கியும் போச்சு, முதல் ஐந்து சென்டிமீட்டரும் போச்சு. எழுதி எழுதிப் போட்டும் ஸ்டோரில் புதுசு தரவில்லை. அதனால் எல்லோரும் ஐந்து என்ற கோட்டைத்தான் தொடக்கமாக வைத்து அளப்போம், வந்த அளவில் ஐந்தைக் கழிப்போம். அளக்க எப்போதும் இரண்டு பேர். ஒருத்தர் ஐந்தாம் கோட்டை விரலால் அழுத்திப் பிடிக்கணும், இன்னொருத்தர் இழுத்துப் படிக்கணும். படித்து முடித்ததும் பிடித்திருக்கிறவர் "அஞ்சு போச்சா?" என்று கேட்பார், படித்தவர் "போச்சு" என்பார், அப்புறம்தான் எழுதுவது. புதுசாகச் சேர்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு மாசத்தில் அவர்களும் கடையில் துணி அளக்கிறவனிடம்கூட வாய் தவறி அஞ்சு போச்சா என்று கேட்பார்கள். சுடலைமுத்து அண்ணன் எண்பது என்று படித்து ஐந்தைக் கழிக்க மறந்துவிட்டார், உண்மையில் அது எழுபத்தைந்துதான், அதனால்தான் அவர் மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது, இதுதான் சார் சொல்கிற கதை. பாய்லர் ஆறியிருந்தபோது வித்தியாசம் சரியாக ஐம்பது மில்லிமீட்டர்தான் இருந்தது, சூடேறியபோது தண்ணீர் எடை குறைந்து அதுவே தொண்ணூறாகப் பெருத்தது. ஆக ஐந்து சென்டிமீட்டர் என்பதில் சந்தேகமே இல்லை. நேற்று சாயங்காலம் அண்ணனுக்கு மெமோ கொடுத்தாயிற்று: அளவெடுப்பில் கவனக்குறைவு, இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தந்தாலும் தராவிட்டாலும் அவரை நிலக்கரி கன்வேயர் பக்கம் அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அங்கே கரித்தூளில் நின்று சுவிட்ச் மாற்றிக்கொண்டிருக்கணும், மீட்டரைத் தொடவே விடமாட்டார்கள். ஐம்பத்தொரு வயதில்.

எண்ணை மாற்றுவதற்கு முன்னால் குழாயை ஒருதரம் ஊதிவிடுகிறேன் சார், அழுக்கு அடைத்திருந்தாலும் இருக்கும் என்றேன். ஊதினால் பானை காலியாகும், நிறைய நாற்பது நிமிஷம் வேண்டும். சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அழுக்கெல்லாம் இல்லை, எனக்கே தெரியும். எனக்கு இந்த நாற்பது நிமிஷம் வேண்டியிருந்தது. ஏனென்றால் நேற்றிலிருந்து ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது: சுடலைமுத்து அண்ணன் எப்படி மறந்திருப்பார்? அவர் எதையும் மறப்பார், அது வேறு விஷயம். ஹெல்மெட்டை மறப்பார், டீ சொன்னதை மறந்துவிட்டு இன்னொரு டீ சொல்லுவார், என் மகள் பேரை மூன்று வருஷமாக அனிதா என்கிறார், அவள் அனிட்டா. ஆனால் அளவு என்று வந்துவிட்டால் மனுஷன் ஒன்றை மூன்றுதரம் அளப்பார். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். நாங்கள் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்திருக்கிறோம், நான்தான் அதிகம் செய்திருக்கிறேன். அந்த டேப்பில் ஐந்தாம் கோட்டில் அரத்தால் கீறல் போட்டு வைத்தவரே அவர்தான். ஐந்தைக் கழிக்கிறதை அவர் மறப்பது என்றால் பல் தேய்க்க மறக்கிற மாதிரி. நடக்காது என்றில்லை. நடக்கும். வீட்டில் என்ன பிரச்சினையோ, அன்றைக்கு வெயில் வேறு. மனசு எதை எப்போது கைவிடும் என்று யாருக்குத் தெரியும். மீட்டர் திரையைப் பார்க்கிறேன்: நானூறு. பானை காலியாக இருப்பதால் அது உச்சத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, இதற்கு அர்த்தமில்லை. நிறைய நிறைய இறங்கும். ஒரு காக்கா கைப்பிடிக் கம்பியில் வந்து உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கிக்கொள்கிறது, கம்பி சுடுகிறதோ. சுடுகிற கம்பியில் எதற்கு வந்து உட்காரணும், வேறு இடமா இல்லை. காலை மாற்றிக்கொள்கிறது, போகவும் மாட்டேன் என்கிறது.

சரி, அவர் மறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சும்மா ஒரு பேச்சுக்கு. அப்படியானால் அவருடைய எண்பது சரி. என்னுடைய எழுபத்தைந்து தப்பு. மூன்று பானையும் இந்த ஷட்டவுனில்தான் புதுசாக வைத்தார்கள், மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கணும் என்று சொல்லித்தான் வைத்தார்கள். இப்போது போய் அளந்து பார்க்கலாம் என்றால் பானை மேலெல்லாம் இன்சுலேஷன் கட்டியாயிற்று, தொட்டால் கை வெந்துபோகும், அடுத்த ஷட்டவுன் வரை அதன் உயரம் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் நான் தப்பாக அளந்திருக்க வழியில்லையே. ஐந்தைக் கழித்தேன். கழித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாய்விட்டே "அஞ்சு போச்சா?" என்று கேட்டு, நானே "போச்சு" என்று சொல்லிக்கொண்டேன், சிரிப்புகூட வந்தது, ஏனென்றால் பக்கத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லை. அண்ணன் டிரம்மின் அந்தக் கோடியில் அவருடைய பானையோடு இருந்தார், கூட ஒரு ஃபிட்டர் இருந்தார். நான் இந்தக் கோடியில் தனியாக. சாப்பாட்டு நேரம். எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள், முடித்துவிட்டுப் போகலாம் என்று நான் நின்றேன். டிரம் ஆறிக் கிடந்தது, உள்ளே நுழைகிற வாசல் திறந்திருந்தது, இருட்டாக ஒரு வாசனை வந்தது, துருவும் ஈரமும் கலந்து. எட்டிப் பார்க்கணும் என்று இருந்தது, பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பானைப் பக்கம் நிழல். அதனால் டார்ச் அடித்தேன். இடது கையில் டார்ச். பேனாவைப் பல்லில் கடித்திருந்தேன், மூடியில் இன்னும் பல் தடம் இருக்கிறது. வலது கையில் டேப்பின் பெட்டி, கீழே குனிந்து, அளவைப் படித்தேன். இரண்டு கை. டார்ச்சுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. அப்படியானால் மேல் நுனியை யார் பிடித்திருந்தது?

இதை நான் மறுபடி ஓட்டிப் பார்க்கணும். மெதுவாக. காக்கா போய்விட்டது. மேலே பானை விளிம்பு, புதுசாக வெல்டிங் வைத்த நீலம் ஓடின விளிம்பு. டேப் அங்கிருந்து தொங்குகிறது. தானே தொங்குகிறது. கையை எடுத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்று பார்த்தேன், விழவில்லை, அட பரவாயில்லையே, தன்னால நிக்குதே என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம்தான் முதலில் ஞாபகம் வந்தது, டேப் அப்புறம்தான் வந்தது. எப்படித் தானே நின்றது? கொக்கி மாட்டியிருந்தால் நிற்கும். பழைய டேப்பில் கொக்கி கிடையாது. அந்த வாரம் ஸ்டோரிலிருந்து ஒருவழியாகப் புது டேப் வந்திருந்தது, பையில் இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன, அண்ணன் தன் பழக்கத்துக்குப் பழையதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், நான் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறேன். முழு டேப். நறுக்காத டேப். அதில் எண்பது என்றால் எண்பதுதான். நான் அதிலும் போய் ஐந்தைக் கழித்திருக்கிறேன். இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது என்ன? ஐந்தைக் கழித்த ஞாபகம் இருக்கிறது, அதனால் பழைய டேப்தான், அதனால் சரிதான். என்ன அழகான நியாயம். வாய் பாட்டுக்குக் கேட்டது, வாய் பாட்டுக்குப் பதில் சொன்னது, கை பாட்டுக்குக் கழித்தது, நான் எங்கே இருந்தேன் அப்போது? டிரம்முக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தேனோ. சட்டைப் பையில் குட்டி டைரி இருக்கிறது. பக்கத்தைத் திருப்புகிறேன், விரல் வேர்வையில் ஒட்டுகிறது. முதல் பானை, எண்பது கழித்தல் ஐந்து, எழுபத்தைந்து. இரண்டாவது பானை, எண்பது கழித்தல் ஐந்து, எழுபத்தைந்து. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

டைரியைப் பட்டென்று மூடினேன். பயம்தான், வேறென்ன. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தப் பயத்துக்கு முன்னால், ஒரு நொடி, கண்டுபிடித்துவிட்டேன் என்ற குதிப்பு வந்தது, அதற்காக இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு மனுஷனுக்கு மெமோ போய்விட்டது, இங்கே நான் விடுகதைக்கு விடை கண்ட பிள்ளை மாதிரி. யோசிக்கணும். தண்ணீர் இப்போது நிஜமாகவே தொண்ணூறு மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. பத்து நாளாக நிற்கிறது. இன்னும் ஏறினால் ஆவியோடு தண்ணீர்த் துளிகள் போய் டர்பைன் இறக்கையில் அடிக்கும், அந்த வேகத்தில் ஒரு துளி என்பது ஒரு கல். அப்படி ஆகக் கூடாது என்றுதான் மூன்று மீட்டர் வைத்து, மூன்றில் இரண்டு ஆபத்து என்று சொன்னால் எல்லாம் தானாக நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். என் இரண்டும் தொண்ணூறு குறைத்துச் சொல்லும். ஆபத்து வந்தபின்னும் ஒன்றுமில்லை என்று சொல்லும். சொல்லத் தெரிந்தது மூன்றாவது மட்டும்தான், அதன் வாயை அடைக்கத்தான் என்னை மேலே அனுப்பியிருக்கிறார்கள். மடியில் கருவி இருக்கிறது. நாலு பொத்தான். எண்பதை எழுபத்தைந்து ஆக்கினால் மூன்றும் ஒன்று போலச் சுழியம் காட்டும், அலாரம் அணையும், நாளைக்கு வருகிறவர்கள் பேஷ் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அடுத்த ஷட்டவுனில் நானே முதல் ஆளாக வந்து என் இரண்டையும் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியாது. எட்டு மாசம். எட்டு மாசத்தில் ஒன்றும் ஆகாமலும் போகலாம். "வியாகுலம் கை வச்சதா, பாக்க வேண்டாம், கையெழுத்துப் போடு" என்பார்கள் எங்கள் பிரிவில். பிரிவில் நான் ஒருத்திதான் பொம்பளை, அந்தப் பேரை வாங்க ஆறு வருஷமானது. முதல் வருஷம் நான் முறுக்கிய நட்டை எனக்குப் பின்னாலேயே வந்து ஒருத்தன் மறுபடி முறுக்குவான். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும், வீட்டில் போய் ரீகனிடம் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். பாக்க வேண்டாம். அதனால்தான் யாரும் பார்க்கவில்லை. எந்த டேப் என்று அண்ணனைக் கேட்டார்கள், என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பழையதுதான் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

திரையில் எண் இறங்க ஆரம்பித்துவிட்டது. முந்நூற்றுத் தொண்ணூறு. பானை நிறைகிறது. முந்நூற்று முப்பது. எனக்கு இன்னும் ஒரு ஆசை இருந்தது, வெட்கம் கெட்ட ஆசை, ஒருவேளை நிஜமாகவே அழுக்கு அடைத்திருந்து, ஊதியதில் போய், எண் நேராகச் சுழியத்துக்கே வந்து நின்றுவிடாதா என்று. அப்படி வந்தால் கொக்கியும் இல்லை, டார்ச்சும் இல்லை, எல்லாம் மண்டையில் கோழி கிளறியது என்று விட்டுவிடலாம். இருநூற்று இருபது. குழாயில் காதை வைத்தால் கேட்குமா, சுடும், வைக்கவில்லை. நூற்று அறுபது. நூற்று இருபது. இப்போது மெதுவாகிறது, ஒவ்வொன்றாக, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து, இறங்கு, இன்னும் இறங்கு, தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றொன்று. ஐந்து நிமிஷம் பார்த்தேன், அசையவில்லை. மணி பதினொன்று ஐந்து. வாக்கி டாக்கியை எடுத்தேன். எங்கள் சேனலில் பேசினால் பிரிவில் வாக்கி வைத்திருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். மொபைலில் சாரை மட்டும் கூப்பிட்டுச் சொல்லலாம், கையும் ஒருதரம் அதற்குப் போனது. ஆனால் அண்ணனைப் பற்றி நேற்று இந்த வாக்கியில்தானே பேசினார்கள், எல்லோரும் கேட்கத்தானே பேசினார்கள். பொத்தானை அழுத்தினேன்.

"சொல்லுங்க வியாகுலம், சேர்ந்துருச்சுங்களா?"

"சேரல சார். மூணாவது மீட்டர் சரியாத்தான் இருக்கு. என்னோட ரெண்டும்தான் தப்பு."

"என்னங்க சொல்றீங்க?"

"புது டேப்ல அளந்துட்டேன் சார். அளந்துட்டு, பழைய டேப்புக்குக் கழிக்கிற அஞ்ச அதுலயும் கழிச்சிட்டேன். டைரியில என் கையெழுத்துலயே இருக்கு. தண்ணி நெசமாவே தொண்ணூறு மேல நிக்கு."

யாரோ குறுக்கே பொத்தானை அழுத்திவிட்டார்கள், இரைச்சல் வந்து போனது.

"ரெண்டுமே தப்புங்களா?"

"ரெண்டுமேதான் சார்."

"எண்ணை மாத்திட்டீங்களா?"

"தொடவே இல்ல."

"சரி. தொடாதீங்க. லெவல தொண்ணூறு இறக்கச் சொல்றேன். இறங்கினதும் நேரா என்கிட்ட வாங்க, அந்த டைரியோட." குரலில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை, பயந்த மாதிரியும் இருந்தது.

அவர்கள் தண்ணீரை இறக்க ஆரம்பித்திருக்கணும், திரையில் எண்பத்தெட்டு, எண்பத்தைந்து என்று குறைகிறது. இதோடு வேலை முடிந்தது, இனி கீழே போய் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், மெமோ எனக்கு வரும், கன்வேயருக்கு என்னை அனுப்பினாலும் அனுப்புவார்கள். பின்னாலேயே வந்து நட்டை முறுக்குகிறவன் மறுபடி வருவான், வரட்டும், வந்தால் நல்லதுதான். கருவியைப் பையில் போட்டேன். பன்னிரண்டு ஆக இன்னும் நேரம் இருக்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. மொபைலை எடுத்துச் சுடலைமுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தார்.

"அண்ணே, எங்க இருக்கிய? வாக்கியில கேட்டியளா?"

"வாக்கிய சார்ஜ்ல போட்டுட்டு வந்துட்டேன்மா. கேன்டீன்ல இருக்கேன். ஏன், என்னாச்சு?"

"அந்த மெமோவுக்கு ஒண்ணும் எழுதிராதிய."

"அத ஒம்பது மணிக்கே குடுத்துட்டேனே."

"என்னன்னு எழுதுனிய?"

"தப்பு என்னோடதுதான்னு எழுதிக் குடுத்தாச்சு. அஞ்ச கழிக்க மறந்துட்டேன், மன்னிக்கணும்னு."

"மறந்தியளா?"

பின்னால் டம்ளர் வைக்கிற சத்தம், யாரோ சட்னி கேட்கிற சத்தம்.

"அண்ணே, மறந்தியளா?"

"மறக்கலம்மா. கழிச்சேன். எண்பத்தஞ்சுன்னு வந்துச்சு, கூட நின்ன ஃபிட்டர் அஞ்சு போச்சான்னு கேட்டாரு, போச்சுன்னு சொல்லிட்டுத்தான் எண்பதுன்னு எழுதுனேன். மூணு தரம் அளந்தேன். எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு."

"பொறவு ஏன் அப்பிடி எழுதிக் குடுத்திய?"

"என்ன செய்யச் சொல்லுத? பத்து நாளா ரெண்டு மீட்டர் சேந்து ஒண்ண சொல்லுது, அதுவும் நீ வச்சது. என் ஒருத்தன் ஞாபகம் பெருசா? எனக்குத்தான் புத்தி தடுமாறிருச்சுன்னு நெனச்சிட்டேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது, அவருக்குக் கேட்கட்டும் என்று விட்டேன்.

"ரெண்டு பேரு இல்லண்ணே," என்றேன், "ரெண்டும் நான் ஒருத்திதான்."